பொதுவழியை மூடப் போகிறார்களா? உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

இங்கிலாந்தில் புது வீடுகள், கடைத்தொகுதிகள் கட்டுவதற்காகத் தெருக்களையும் நடைபாதைகளையும் நிரந்தரமாக மூடுவது, வேறு பக்கம் திருப்பிவிடுவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரு கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) பொதுவழிப் பிரிவில் 11 வருடம் இந்தக் கோப்புகளோடுதான் இருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். தொடங்குவதற்கு முன் ஒன்று: சட்டத்தில் 'ஹைவே' என்றால் பெரிய சாலை மட்டும் இல்லை, வயலோரத்து ஒற்றையடிப் பாதையும் ஹைவேதான். நான் 'பொதுவழி' என்று எழுதும் இடமெல்லாம் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் இருக்கிற நடைபாதையில் பில்டர் வேலி அடித்துவிட்டார். கேட்டால் பிளானிங் பெர்மிஷன் கிடைத்துவிட்டது என்கிறார். பாதை போனது போனதுதானா?

போகவில்லை. முக்கால்வாசிப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பிளானிங் பெர்மிஷன் கட்டடம் கட்டத் தரும் அனுமதி, வழியை அடைக்கத் தரும் அனுமதி இல்லை. அதற்குத் தனியாக ஓர் ஆணை வேண்டும், அந்த ஆணை உறுதியாகி நடைமுறைக்கு வரும்வரை அந்தப் பாதையில் நடக்கும் உரிமை நேற்று இருந்த மாதிரியே இன்றும் இருக்கிறது. ஒருமுறை பொதுவழி ஆகிவிட்டால் எப்போதும் பொதுவழிதான் என்பது இங்கே நூற்றாண்டுக்கு மேலாக நீதிமன்றங்கள் சொல்லிவரும் சட்டம். யாரும் நடக்காமல் புதர் மண்டிப் போனாலும் உரிமை அழியாது.

ஆணை இல்லாமல் அடைத்தால் 1980-ஆம் ஆண்டு ஹைவேஸ் சட்டத்தின் 137-ஆம் பிரிவில் அது குற்றம். வேலியைத் தேதி தெரியும்படி படம் எடுத்து, கவுன்சிலின் பொதுவழி வரைபடத்தில் அந்தப் பாதைக்கு இருக்கும் எண்ணையும் போட்டு, கவுன்சிலின் பிளானிங் பிரிவுக்கு அல்ல, ஹைவே பிரிவுக்கு அனுப்புங்கள். பிளானிங் பிரிவுக்கு அனுப்பினால் அது எங்கேயாவது கிடக்கும், நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: அந்த ஆணையை யார் போடுகிறார்கள்? கவுன்சிலா, அரசாங்கமா?

எந்த வழி, எதற்காக மூடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. வண்டி போகும் தெருவைக் கட்டுமானத்துக்காக மூட வேண்டும் என்றால் 1990-ஆம் ஆண்டு டவுன் அண்ட் கன்ட்ரி பிளானிங் சட்டத்தின் 247-ஆம் பிரிவு. அதைப் போக்குவரத்து அமைச்சர் பெயரில் நியூகாசிலில் இருக்கும் ஒரு குழு கவனிக்கிறது. லண்டனுக்குள் என்றால் அந்தந்த போரோ கவுன்சிலே போடலாம். நடைபாதை, குதிரைப்பாதை என்றால் அதே சட்டத்தின் 257-ஆம் பிரிவு, உள்ளூர் பிளானிங் கவுன்சில் போடும்.

இந்த இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்தக் கட்டுமானத்தைச் செய்ய இந்த வழியை மூடுவது அவசியமா? வசதியா, அழகா, வீடு நல்ல விலைக்குப் போகுமா என்பதெல்லாம் அவசியம் ஆகாது. வரைபடத்தைப் பிரித்து வைத்துப் பாருங்கள், பாதை இருக்கிற இடத்தில் கட்டடம் வருகிறதா அல்லது வெறும் புல்வெளி வருகிறதா? புல்வெளி என்றால் உங்கள் கையில் நல்ல வாதம் இருக்கிறது.

மூன்றாவது வழியும் உண்டு. ஹைவேஸ் சட்டத்தின் 116-ஆம் பிரிவில் ஹைவே பொறுப்பில் இருக்கும் கவுன்சில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போய் 'இந்த வழி இனித் தேவையில்லை' என்று கேட்கலாம். இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், ஊரில் பாரிஷ் கவுன்சில் (ஊர் அளவிலான சிறிய உள்ளாட்சி மன்றம்) இருந்தால் முதலில் அவர்களுக்கு நோட்டீஸ் போக வேண்டும், அவர்கள் 2 மாதத்துக்குள் மறுத்துவிட்டால் விண்ணப்பமே நகராது. ஆகவே பாரிஷ் கவுன்சில் கூட்டத்துக்குப் போங்கள். நான்கு பேர் வந்து உட்கார்ந்தாலே அங்கே பேச்சு மாறும்.

கேள்வி: எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லையே. திடீரென்று பாதை மூடியாகிவிட்டது என்கிறார்கள்.

சொல்லியிருப்பார்கள், நீங்கள் பார்க்கிற இடத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு நோட்டீஸ், 247 என்றால் லண்டன் கெஸட் என்ற அரசிதழில் ஒன்று, அப்புறம் பாதையின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று. முனையில் இருப்பது ஒரு ஏ4 தாள், பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு விளக்குக் கம்பத்தில் கட்டியிருப்பார்கள். உறையின் வாய் மேல்பக்கம் இருந்தால் ஒரே மழையில் தண்ணீர் இறங்கி மை கரைந்துவிடும், கோடைகாலம் என்றால் முள்செடி வளர்ந்து மூடிவிடும். நானே அப்படிக் கட்டப்பட்ட நோட்டீஸைக் கையுறை போட்டு முள்ளை விலக்கித்தான் படித்திருக்கிறேன்.

ஆட்சேபம் அனுப்ப 28 நாள். தாளின் தேதியைப் பார்த்து அன்றே எண்ணத் தொடங்குங்கள்.

கேள்வி: ஆட்சேபக் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்? எனக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது, அண்ணா.

நல்ல ஆங்கிலம் தேவையே இல்லை. உண்மையான விவரம் இருந்தால் போதும். 'இங்கே வீடு கட்டவே கூடாது' என்று எழுதாதீர்கள், அந்த முடிவு பிளானிங்கில் முடிந்துபோனது, வழி பற்றிய விசாரணையில் அதைத் திரும்பக் கிளற விடமாட்டார்கள். வழி போவதால் உங்களுக்கு என்ன இழப்பு என்று மட்டும் எழுதுங்கள். யார் நடக்கிறார்கள், எங்கே போக, எத்தனை நிமிடம், மாற்றுவழி எவ்வளவு நீளம், படி இருக்கிறதா, இரவில் வெளிச்சம் உண்டா, தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் போகுமா.

ஒரு விசாரணை எனக்கு மறக்காது. வக்கீல்கள் இரண்டு மணி நேரம் பேசினார்கள். அப்புறம் கைத்தடியோடு ஒரு பெரியவர் எழுந்து ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். பஸ் நிறுத்தத்துக்குப் பழைய பாதையில் 4 நிமிடம், புதுப் பாதையில் 11 நிமிடம், நடுவில் உட்கார ஒரு சுவர்கூட இல்லை என்று மூன்று வாரம் நடந்து குறித்து வைத்திருந்தார். விசாரணையை நடத்திய இன்ஸ்பெக்டர் மதியம் அந்த இரண்டு வழியிலும் தானே நடந்து பார்த்தார். முடிவில் புதுப் பாதையின் போக்கு மாறியது. அவர் எழுதியிருந்த ஆங்கிலத்தில் பிழைகள் இருந்தன, யாரும் அதைப் பார்க்கவில்லை.

ஆட்சேபம் அனுப்பக் காசு கிடையாது. வாபஸ் வாங்காத ஆட்சேபம் இருந்தால் கவுன்சில் தானாக அந்த 257 ஆணையை உறுதி செய்ய முடியாது, மேலே அமைச்சருக்கு அனுப்பியே ஆக வேண்டும். பில்டர் வீட்டுக்கே வந்து பேசுவது அதனால்தான். பேசுங்கள், ஆனால் அவர் சொல்கிற மாற்றம் எழுத்தில் வரும்வரை வாபஸ் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: தெருவை மூடினால் என் கடைக்கு நடந்து வரும் ஆட்கள் நின்றுவிடுவார்கள். இதைச் சொல்லலாமா, நஷ்ட ஈடு உண்டா?

கட்டாயம் சொல்லுங்கள். ஓர் உணவக உரிமையாளர் தொடுத்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது, வழியை மூடுவதால் பக்கத்தில் தொழில் செய்பவருக்கு வரும் இழப்பை அமைச்சர் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும் என்று. அதற்கு ஒரு காரணமே 247-இல் நஷ்ட ஈடு கிடையாது என்பதுதான். ஆகவே ஆணை வந்தபிறகு கேட்டுப் பயனில்லை. அந்த 28 நாளில் விற்பனைக் கணக்கோடு எழுதுங்கள்.

கேள்வி: பாதையைத் திருப்பிவிடுகிறோம், மூடவில்லை என்கிறார்கள். புதுப் பாதை காலனித் தெருவின் நடைமேடைதான். ஒத்துக்கொள்ளலாமா?

என்னைக் கேட்டால் அவசரப்பட்டு ஒத்துக்கொள்ள வேண்டாம். மரத்தடியில் பிள்ளைகள் கையை விட்டுவிட்டு ஓடின வழியும், நிறுத்தின கார்களுக்கு நடுவே போகிற நடைமேடையும் ஒன்றாகாது. இதை நான் மட்டும் சொல்லவில்லை, பொதுவழிகள் பற்றிய அரசாங்கத்தின் 2009 சுற்றறிக்கையே காலனித் தெருவின் வழியாகத் திருப்புவதைக் கூடுமானவரை தவிர்க்கச் சொல்கிறது, வண்டிகளிலிருந்து விலகி பசுமையான திறந்தவெளி வழியாகப் போகும் பாதையே மேல் என்கிறது. அந்த வரியைக் கடிதத்தில் சேருங்கள்.

கேள்வி: நாங்கள் நடக்கும் பாதை எந்த வரைபடத்திலும் இல்லை.

20 வருடமாக ஊரார் இடையூறில்லாமல் நடந்திருந்தால், அதுவும் வேலி உடைக்காமல், ஒளிந்து போகாமல், யாரிடமும் அனுமதி வாங்காமல் நடந்திருந்தால், ஹைவேஸ் சட்டத்தின் 31-ஆம் பிரிவில் அது பொதுவழியாகக் கருதப்படும். நில உரிமையாளர் அப்படி விடும் எண்ணம் தனக்கு இல்லை என்று காட்டினால்தான் பிரச்சினை. பழைய குடியிருப்பாளர்களிடம் இப்போதே எழுதி வாங்குங்கள், பாதையில் எடுத்த குடும்பப் படங்கள்கூட உதவும். கவுன்டி கவுன்சிலிடம் வரைபடத்தில் சேர்க்க விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: தற்காலிகமாக மூடுகிறோம் என்று சொல்லி ஒரு வருடம் ஆகிறது.

நடைபாதைக்குத் தற்காலிக ஆணை 6 மாதம்தான், அதைத் தாண்ட அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். சாலைக்கு 18 மாதம். ஒப்புதலின் நகலைக் கேளுங்கள்.

கேள்வி: தெரு மூடியபிறகு அந்த நிலம் யாருக்கு?

பெரும்பாலும் கவுன்சிலுக்கு இல்லை. கவுன்சிலிடம் இருப்பது மேல்பரப்பு மட்டும், பழைய வழக்கில் சொன்ன மாதிரி இரண்டு மண்வெட்டி ஆழம். பொதுவழி உரிமை போனதும் அடிநிலத்துக்கு யார் சொந்தக்காரரோ அவருக்கே போகும். வேறு ஆவணம் இல்லாவிட்டால் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் நடுக்கோடு வரை ஆளுக்குப் பாதி என்று எடுத்துக்கொள்வார்கள். பத்திரத்தைப் பார்க்காமல் யாரும் வேலி போட வேண்டாம்.

கேள்வி: பாதை மேலேயே வீடு கட்டி முடித்துவிட்டார்கள், ஆணையே இல்லை. இனி என்ன?

கட்டுமானம் முழுதாக முடிந்துவிட்டால் 257-இல் ஆணை போட முடியாது, கட்டுவதற்கு அவசியம் என்று சொல்ல எதுவும் மிச்சம் இல்லையே. கொஞ்சம் வேலை பாக்கி இருந்தால் போடலாம் என்று 1980-லேயே தீர்ப்பு இருக்கிறது. முடிந்துபோயிருந்தால் அவர்கள் ஹைவேஸ் சட்டத்தின் வழியாகத்தான் வர வேண்டும், அங்கே பாதை தேவையில்லை என்றோ திருப்புவது சரி என்றோ தனியாகக் காட்ட வேண்டும். அதுவரை அந்த வீட்டின் வரவேற்பறைக்குள் சட்டப்படி ஒரு பொதுவழி ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்கப் போகிறவரின் வக்கீல் தேடிப் பார்த்தால் அது தெரிந்துவிடும், அதனால் பில்டர்தான் முதலில் பேச வருவார்.

கேள்வி: ஆணை உறுதியாகிவிட்டது. வேறு வழியே இல்லையா?

சட்டப்பிழை இருந்தால் மட்டும் 6 வாரத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். 43-ஆம் நாள் போனால் கதவு திறக்காது. நோட்டீஸ் பாதையின் ஒரு முனையில் கட்டப்படவே இல்லை என்பது போன்ற விஷயம் உங்களிடம் இருந்தால் இன்றே ஒரு சொலிசிட்டரைப் பாருங்கள்.