அத்தைக்கு மீசை முளைத்தால்

அன்புள்ள ஐயா,

2000 அமெரிக்க அதிபர் தேர்தலில் அல் கோர் ஜெயித்திருந்தால் இராக் போரே நடந்திருக்காது என்பது என் கட்சி. நண்பர்கள் ‘அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா’ என்று சிரிக்கிறார்கள். மாற்று வரலாறு யோசிப்பது வெறும் பொழுதுபோக்குதானா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

சிரிப்பவர்களுக்கு ஃப்ளோரிடா வாக்குச்சீட்டைக் காட்டுங்கள். பாம் பீச் கவுண்டியில் பெயர்களை இரண்டு பக்கமும் அச்சிட்டு, துளை போடும் இடத்தை நடுவில் வைத்திருந்தார்கள். இடப்பக்கம் இரண்டாவது பெயர் கோர். ஆனால் இரண்டாவது துளை வலப்பக்கத்தில் இருந்த வேறு கட்சி வேட்பாளர் புக்கானனுக்கு! மாநிலம் முழுக்க ஏறக்குறைய 60 லட்சம் வாக்குகளில் புஷ் ஜெயித்தது 537-ல். இதில் மீசை எங்கே வந்தது?

ஆனால் நீங்கள் ஃப்ளோரிடாவிலிருந்து ஒரே தாவாக இராக்குக்குப் போய்விடுகிறீர்கள். கோர் 2002 செப்டம்பரிலேயே அந்தப் போரை எதிர்த்துப் பேசினார், சரி. அவரோடு துணை அதிபர் வேட்பாளராக நின்ற லீபர்மன் செனட்டில் போருக்கு ஆதரவாக வாக்களித்தார். உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் பந்தயம் கட்டமாட்டேன்.

எனக்குப் பிடித்த ‘இருந்தால்’ 1916 அதிபர் தேர்தலில் இருக்கிறது. குடியரசுக் கட்சி வேட்பாளர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ், உச்ச நீதிமன்ற நீதிபதி பதவியை விட்டுவிட்டு வந்தவர். கலிஃபோர்னியா ஆளுநர் ஹைரம் ஜான்சன், 1912-ல் தியடோர் ரூஸ்வெல்ட்டோடு கட்சியை விட்டுப் போய் அவருக்குத் துணை வேட்பாளராக நின்றவர். குடியரசுக் கட்சியின் உள்ளூர்ப் பழைய கோஷ்டிக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஹியூஸ் பிரசாரத்துக்கு வந்ததும் அந்தக் கோஷ்டி அவரைச் சூழ்ந்துகொண்டது. ஆகஸ்டில் ஒருநாள் லாங் பீச்சில் வர்ஜீனியா ஹோட்டலில் இருவரும் ஒரே நேரத்தில் சில மணி நேரம் இருந்தார்கள், சந்திக்கவில்லை. ஜான்சன் அங்கேதான் இருந்தார் என்பது ஹியூஸுக்குக் கிளம்பிய பிறகுதான் தெரிந்தது. வருத்தம் தெரிவித்து ஆள் அனுப்பினார். ஒட்டவில்லை. கல்யாண வீட்டில் ‘வாங்க’ என்று கேட்கவில்லை என்று தலைமுறை தலைமுறையாகப் பேசாமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கும் நமக்கு இது புரியாதா என்ன?

நவம்பரில் ஜான்சன் செனட் தேர்தலில் ஏறக்குறைய 3 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே நாளில், அதே மாநிலத்தில், ஹியூஸ் அப்போதைய அதிபர் வில்சனிடம் 4,000-க்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். அதிபரை முடிவு செய்யும் மாநிலவாரித் தேர்வாளர் கணக்கு வில்சன் 277, ஹியூஸ் 254. கலிஃபோர்னியாவின் 13 மாறியிருந்தால் ஹியூஸ் 267, அதிபர்.

தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு வில்சனே இந்த மாற்று வரலாற்றை எழுதிப்பார்த்தார். தோற்றால் ஹியூஸை உடனே வெளியுறவு அமைச்சராக்குவது, தானும் துணை அதிபரும் ராஜினாமா செய்வது. அன்றைய சட்டப்படி இருவருக்கும் அடுத்த இடம் வெளியுறவு அமைச்சருக்கு. முதல் உலகப் போரில் ஐரோப்பா எரியும்போது, தோற்ற ஆள் புதியவர் பதவியேற்கும் மார்ச் 4 வரை நாற்காலியில் இருக்கக்கூடாது என்பது அவர் எண்ணம். இதைக் கடிதமாக எழுதி அனுப்பியது யாருக்குத் தெரியுமா? வேலையை விட்டு இடம் கொடுக்கவேண்டிய அமைச்சர் லான்சிங்குக்கே.

ஹியூஸ் வந்திருந்தால் போர் நின்றிருக்குமா? நிற்காது என்றுதான் நினைக்கிறேன். 1917 பிப்ரவரியில் கட்டுப்பாடற்ற நீர்மூழ்கித் தாக்குதலைத் தொடங்கியது ஜெர்மனி. வெள்ளை மாளிகையில் யார் என்று பார்த்து அவர்கள் அதைச் செய்யவில்லை. நான் தேடுவது 1920-ல். போருக்குப் பின் உருவான, ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தில் அமெரிக்கா சேரும் ஒப்பந்தம் அந்த மார்ச்சில் செனட்டில் 49-க்கு 35 என்று வந்து, மூன்றில் இரண்டு பங்குக்கு ஏழு வாக்கு குறைந்து விழுந்தது. செனட் சேர்த்த நிபந்தனைகளை ஏற்கவே மாட்டேன் என்று வில்சன் பிடிவாதமாக நின்றார். ஹியூஸ் நிபந்தனைகளோடு சேரலாம் என்ற ஆள், அதோடு அந்த நிபந்தனைகளைப் போட்டவர்கள் பெரும்பாலும் அவருடைய கட்சிக்காரர்கள். சங்கம் என்ற ஒன்று அப்போதும் உருவாகியிருந்தால், அந்த ஏழு பேரை அவர் பேசிச் சரிக்கட்டியிருக்கலாம்.

ஆனால் ஒரு சிக்கல். சங்கத்தை எந்த நிபந்தனையோடும் ஏற்கமாட்டோம் என்று செனட்டில் நின்ற சிறு கூட்டத்தில் முக்கியமானவர் ஹைரம் ஜான்சன். அந்த ஹோட்டலில் கைகொடுத்து அதிபரான ஹியூஸ், நான்கு வருடம் கழித்து அதே ஆளின் கையைத்தான் மறுபடி பிடித்திருக்க வேண்டும்.