கேளுங்கள், சொல்கிறேன்: கடிகாரம் இல்லாத நர்ஸ்

போன இதழில் தலைவலித் தைலம் பற்றிய கேள்விக்குப் பதில் எழுதும்போது, என் அம்மா ரங்கூனில் போர்க்காலத்து நர்ஸ் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். தைலத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். இந்த மாதக் கடிதங்களில் பாதி அம்மாவைப் பற்றித்தான்.

கேள்வி: தங்கள் தாயார் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்தவரா? துப்பாக்கி பிடித்திருக்கிறாரா? (வாசகர், காரைக்குடி)

பதில்: படையில் இருந்தாள். துப்பாக்கி பிடிக்கவில்லை, பிடித்தது பெட்பேன். ஏமாற்றமாக இருந்தால் மன்னிக்கவும்.

1944 ஜனவரியில் நேதாஜி தலைமையகத்தை ரங்கூனுக்கு மாற்றியபோது அம்மாவுக்கு 20 வயது. சேர்ந்த பெண்களில் சிலரை நர்ஸ் வேலைக்குப் பழக்கினார்கள். மார்ச்சில் இம்பாலை நோக்கிப் போன நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் ஜூலையில் பின்வாங்கியது. குண்டடி பட்டு வந்தவர்களைவிட மலேரியாவும் சீதபேதியும் பட்டினியும் தின்று வந்தவர்களே அதிகம். மலேரியாவுக்கான கொய்னா மாத்திரையை விழுங்கினால் காதுக்குள் வண்டு இரைகிறது என்று துப்பிவிடுவார்களாம். வாயைத் திறக்கச் சொல்லி நாக்கடியில் பார்ப்பது அம்மாவின் வேலை. (விளக்கெண்ணெய் விஷயத்தில் எங்களுக்கும் அதே சோதனைதான்.)

போரைப் பற்றிக் கேட்டால் அவள் துணியைப் பற்றித்தான் சொல்வாள். கட்டுத்துணிக்கு அப்படி ஒரு பஞ்சம். அவிழ்த்ததை முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். எடுத்தவுடன் வெந்நீரில் போட்டால் இரத்தக்கறை பிடித்துக்கொள்ளும். பிறகு சோடா போட்டுக் கொதிக்கவைத்து, உலர்த்தி, தொடைமேல் வைத்து இறுக்கமாகச் சுருட்ட வேண்டும். ஆடி மாதத்து ரங்கூனில் வெயிலுக்கு எங்கே போவது? அடுப்பைச் சுற்றிக் கொடி கட்டினார்களாம். எங்கள் வீட்டில் கிழிந்த லுங்கி குப்பைக்குப் போனதே இல்லை. பள்ளி விட்டு வந்ததும் ஆளுக்குப் பத்துச் சுருள். தளர்ந்திருந்தால் உதறிப் போடுவாள். மறுபடி சுருட்ட வேண்டும்.

ஜான்சி ராணிப் படைத்தலைவி கேப்டன் லட்சுமி 2012-ல் கான்பூரில் 97 வயதில் இறந்த செய்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கூடவே சீருடைப் படம். "மதராஸில் படித்த டாக்டர் என்று முதல் வரியிலேயே போடக் கூடாதா?" என்று கேட்டாள்.

கேள்வி: 1942-லும் 1964-லும் பர்மாவிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் இந்தியாவுக்குப் போனபோது நீங்கள் மட்டும் ஏன் போகவில்லை? (வாசகி, தட்டோன்)

பதில்: 1942-ல் கிளம்பத்தான் செய்தார்கள். 1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் குண்டு விழுந்ததும், அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த தாத்தா குடும்பத்தோடு புறப்பட்டார். புரோம் போய், மலை ஏறி, தௌங்குப்பில் இறங்கி, அக்யாப் வழியாகச் சிட்டகாங் சேர்வதாக ஏற்பாடு. பாதையெங்கும் காலரா. புரோமில் சின்ன மாமாவைப் பிடித்தது. ஒன்பது வயது. இரவெல்லாம் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டானாம். காலராக்காரனுக்குத் தண்ணீர் ஆகாது என்று யாரோ பெரியவர் சொல்ல, பக்கத்தில் இருந்த அம்மா கொடுக்கவில்லை. விடிவதற்குள் முடிந்துவிட்டது. கொடுத்திருக்க வேண்டும் என்பதை இரண்டு வருடம் கழித்து நர்ஸ் பயிற்சியில் தெரிந்துகொண்டாள்.

இதை எங்களிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். ஆனால் எங்களில் யாருக்கு வயிறு போனாலும், உப்பும் சர்க்கரையும் கரைத்த செம்போடு விடிய விடியத் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பாள். தூங்கினாலும் எழுப்பிக் கொடுப்பாள். நைட் டூட்டி என்றால் அன்றைக்கு லீவு.

தாத்தாவுக்கு அதற்குமேல் நடக்க மனம் வரவில்லை. திரும்பிவிட்டார்கள்.

1964 மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. அப்பாவின் மளிகைக் கடையும் போயிற்று. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். சித்தப்பா குடும்பம் மதராஸுக்குக் கப்பலேறியது. அப்பாவும் பெட்டி கட்டினார். அம்மா தன் நோட்டுப் புத்தகத்தை அவர் முன்னால் விரித்து வைத்தாள். எங்கள் தெருவில் பிரசவத்துக்கு நாள் நெருங்கியவர்கள் ஏழு பேர். அதில் நான்கு பேர் பர்மியர். "இவர்களுக்கு ஆகட்டும், போகலாம்" என்றாள். அந்த நோட்டில் பெயர் இல்லாத மாதமே வரவில்லை. அப்பா பெட்டியை எப்போது அவிழ்த்தார் என்பது எனக்கு நினைவில்லை.

கேள்வி: தியாகி பென்ஷன் வாங்கினாரா? (வாசகர், மோரே)

பதில்: இல்லை, கேட்கவும் இல்லை. போரில் இருந்ததற்குக் கையில் மிஞ்சியது ஜப்பான்காரன் அச்சிட்ட ரூபாய் நோட்டுதான். 1945 மே மாதம் ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் அது வெறும் காகிதம். அம்மா அதில் மருந்துப் பொடி மடித்தாள்.

கேள்வி: நர்ஸ் அம்மாவிடம் வளர்வது கஷ்டமா, சுகமா? (வாசகி, தாமுவே, யாங்கோன்)

பதில்: காய்ச்சல் வந்தால் சுகம். மற்ற நாளில் நகத்தைக் காட்டினால்தான் சோறு.

தெருவே சயாமா (பர்மிய மொழியில் டீச்சரம்மா, டாக்டரம்மா) என்று கூப்பிட்ட அம்மாவிடம் கைக்கடிகாரம் கிடையாது. இருந்த ஒன்றை 1945-ல் அரிசிக்குக் கொடுத்துவிட்டாள். வேறு வாங்கப் பணம் சேரும்போதெல்லாம் எங்களுக்குப் பள்ளிச் சம்பளம் வரும். அதனால் நாடி பார்க்க நான்தான் கடிகாரம். பதினாறாம் வாய்ப்பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒரே சீராகச் சொன்னால் அரை நிமிடம் என்று ஆஸ்பத்திரிக் கடிகாரத்தில் சரிபார்த்து வைத்திருந்தாள். தம்பியின் மணிக்கட்டை அவள் பிடித்திருக்க, நான் கால்மாட்டில் நின்று சொல்வேன். எண்ணி, இரட்டித்து, கரியால் சுவரில் குறிப்பாள். பயத்தில் நான் வேகமாகச் சொல்லிவிட்டால் முறைப்பாள்.

2019-ல், அவளுடைய 95-ஆவது வயதில், ஒரு மாலை நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் மகன் நொடி ஓடும் கைபேசியை நீட்டினான். அம்மா அதைப் புறங்கையால் தள்ளி, "நீ சொல்" என்றாள். 68 வயதில் பதினாறாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்தேன். வாய் சொல்ல, விரல் எண்ண, இரண்டும் குழம்பி ஒன்பது பதினாறில் நின்றுவிட்டேன்.

"நூற்று நாற்பத்து நான்கு" என்றாள். மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.