நிகோஜ் பாறைக்குழிகள்: ஜூலையில் போகலாமா?

கேள்வி: புணேயில் வசிக்கிறோம். ஜூலையில் ஊரிலிருந்து மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள். எட்டு வயதுப் பையனும் இருக்கிறான். குகடி ஆற்றுப் பாறையில் இயற்கையாகக் குழிகள் விழுந்திருக்கும் நிகோஜ் கிராமத்துக்கு எல்லோருமாகப் போகலாமா? குழிகளில் தேங்கிய தண்ணீரில் இறங்கிக் குளிக்கலாமா?

பதில்: ஜூலை வேண்டாம். மழைக்காலத்தில் குகடி ஆறு நிறைந்து ஓடினால் கலங்கல் தண்ணீரைத்தான் பார்ப்பீர்கள். குழிகள் அதற்கு அடியில் கிடக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். குளியல் எந்த மாதத்திலும் கூடாது.

ஏன் என்று சொல்கிறேன். ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வரும்போது ஆறு, பாறையில் இருக்கும் ஒரு சின்னப் பள்ளத்துக்குள் கூழாங்கற்களைப் போட்டுச் சுழற்றும். கல்லும் தேயும், பாறையும் தேயும். பழைய கல் மணலாகிப் போனால் அடுத்த வெள்ளம் புதுக் கல் கொண்டுவரும். இங்கே இருப்பது சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பசால்ட் பாறை. வாயு வெளியேறிய பொத்தல்களும் வெடிப்புகளும் அதில் ஏற்கெனவே உண்டு. தண்ணீருக்கு அது போதும். அக்கம்பக்கத்துக் குழிகள் நடுச்சுவர் உடைந்து ஒன்று சேர, ஆற்றின் பள்ளமும் ஆழமாகிக்கொண்டே போகிறது.

கல் அதிகம் உரசுவது அடிப்பக்கத்தில். அதனால் பல குழிகளுக்கு வாய் குறுகல், வயிறு அகலம். மராட்டியில் இவற்றை 'ராஞ்சண் களகே' என்கிறார்கள். ராஞ்சண் என்றால் தண்ணீர் நிரப்பி வைக்கும் பெரிய மண்பானை, நம்மூர்த் தாழி மாதிரி. பேர் வைத்தவர்களுக்கு ஆபத்தும் தெரிந்திருக்க வேண்டும்! தாழிக்குள் விழுந்தால் எதைப் பிடித்து ஏறுவது? சுவர் வழவழப்பு, அதன்மேல் பாசி, தலைக்கு மேலே பாறை உள்நோக்கிக் கவிந்திருக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் வெளியே வரத் தவிப்பார். ஒருமுறை என் தண்ணீர் பாட்டில் ஒரு குழியில் உருண்டு விழுந்தது. விளிம்பிலிருந்து இரண்டு அடி கீழேதான் மிதந்தது, கையில் நீளமான குச்சியும் இருந்தது. அப்படியும் எடுக்க முடியவில்லை.

பெரியவர்கள் பாறையில் இறங்க வேண்டியதில்லை. கரையில் மளகங்கா கோயில் இருக்கிறது, பக்கத்தில் ஒரு தொங்கு பாலமும். என்னைக் கேட்டால் பாலத்திலிருந்து பார்ப்பதுதான் அழகு. பையனுக்கு ஷூ போட்டுவிடுங்கள்; ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். காய்ந்த இடத்திலும் நுண்மணல் வழுக்கும். கரும்பாறை என்பதால் பதினொரு மணிக்கே கொதிக்க ஆரம்பித்துவிடும். மாலை நான்கு மணிக்குப் போனால் சாய்வெயிலில் குழிச் சுவரில் கல் சுழன்ற வரிகள் தெளிவாகத் தெரியும். ஆழமில்லாத, வற்றிய குழி ஒன்றின் அடியைக் காட்டுங்கள். உருண்டைக் கற்கள் கிடக்கும், அரைத்தவை அவைதான். பையில் போட்டுக்கொண்டு வர விடாதீர்கள்.

ஆற்றின் மேல்பகுதியில் யேட்காவ் அணை இருக்கிறது. தண்ணீர் திறந்துவிட்டால் மழையே இல்லாத நாளிலும் ஆறு ஏறும். இறங்கும் முன் கோயிலடியில் விசாரியுங்கள். பாறையில் இருக்கும்போது தண்ணீர் கலங்கினாலோ கொஞ்சம் உயர்ந்தாலோ படம் எடுத்தது போதும் என்று கரையேறிவிடுங்கள்.

புணேயிலிருந்து சிரூர் வழியாகச் சுமார் 90 கி.மீ. வழியில்தான் ராஞ்சண்காவ் கணபதி கோயில். ஜூலையில் வரும் மாமனார் மாமியாரை அதுவரை அழைத்துப் போய்த் திரும்பிவிடுங்கள். மீதியை அவர்கள் பொங்கலுக்கு வரும்போது வைத்துக்கொள்ளலாம்.