முதுகு ஆபரேஷன் முடிந்தது, மனசு தேறவில்லை: கேள்வி பதில்

முதுகு ஆபரேஷன் ஆனவர்களைத் திரும்ப நடக்க வைக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். கேட்டவர்களுக்கெல்லாம் இங்கேயே பதில்.

கேள்வி: டிஸ்க் ஆபரேஷன் ஆகி 8 வாரம். ஸ்கேனில் எல்லாம் சரி. வலிக்கிறது என்றால் வீட்டில் "மனப்பிரமை" என்கிறார்கள்.

பதில்: வலி நிஜம்தான். வலிச் செய்தி தண்டுவடத்தில் ஒரு வாசலைத் தாண்டித்தான் மேலே போகிறது என்று மெல்சாக், வால் என்ற இரண்டு வலி ஆய்வாளர்கள் 1965இல் சொன்னார்கள். மூளையும் அந்த வாசலைத் திறக்கும், சாத்தும். பயமும் தூக்கம் கெட்ட இரவுகளும் அதை அகலத் திறந்துவிடும். ஸ்கேன் எலும்பையும் டிஸ்க்கையும் காட்டும்; வலியைக் காட்டாது.

கேள்வி: கால் இன்னும் மரத்தே இருக்கிறது. ஆபரேஷன் தோல்வியா?

பதில்: அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் வலி முதலில் போகும், மரமரப்பு கடைசியில். சேதமான நரம்பிழை ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். இடுப்பிலிருந்து பாதம் எவ்வளவு தூரம் என்று நீங்களே பாருங்கள்.

கேள்வி: குனிந்தால் முதுகெலும்பில் போட்ட ஸ்க்ரூ பிடுங்கிக்கொள்ளுமோ என்று 5 மாதமாக நாற்காலியிலேயே இருக்கிறேன்.

பதில்: நான் அதிகம் பார்ப்பது இந்தப் பயத்தைத்தான். முதல் சில வாரம் "குனியாதே, தூக்காதே" என்பது தேவையான கட்டுப்பாடு. அது முடிந்ததை யாரும் சொல்லாததால் பலர் அதிலேயே நின்றுவிடுகிறார்கள். அசையாததால் தசை இளைக்கும். இளைத்த தசை சின்ன வேலைக்கே வலிக்கும். "பார்த்தாயா, ஏதோ கழன்றுவிட்டது" என்று பயம் ஏறும். எதெல்லாம் செய்யலாம் என்று சர்ஜனிடம் எழுதியே வாங்குங்கள். அப்புறம் நடை. வலித்தால் நிறுத்துவது என்று வைக்காமல், நிமிடக் கணக்கு வைத்து நடங்கள்: இன்று 5 என்றால் நல்ல நாளிலும் 5தான், அடுத்த வாரம் 7. வலிக்கு நோட்டு போட்டு மதிப்பெண் எழுதுவது எனக்குப் பிடிக்காது, நாள் முழுக்க அதையே உற்றுப்பார்க்க வைக்கும்.

கேள்வி: மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சொன்னால் ஆபரேஷன் மறுப்பார்களோ?

பதில்: கட்டாயம் சொல்லுங்கள். சில மாத்திரைகள் டிரமடால் போன்ற வலி மருந்தோடு ஒத்துப்போகாது. நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ஆபரேஷனுக்கு முன்பே மனச்சோர்வைக் கவனித்தால் பின்னால் தேறுவது எளிது. சோர்வு 2 வாரம் விடாமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்று தோன்றினால் அன்றைக்கே.

கேள்வி: நேற்றிலிருந்து சிறுநீர் சரியாக வரவில்லை, தொடையிடுக்கு மரத்திருக்கிறது. பதற்றம்தானே?

பதில்: இதைப் பதற்றம் என்று விடாதீர்கள். தண்டுவடத்தின் அடியில் இருக்கும் நரம்புக் கொத்து நசுங்கியிருக்கலாம். இப்போதே அவசர சிகிச்சைக்குக் கிளம்புங்கள்.