‘யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், டீச்சர்’

(ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் வாசகர் கடிதங்களுக்குப் பதிலளிக்கும் பகுதி)

கேள்வி: தனியார் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். கணினி ஆய்வகத்தில் உதவியாளராக இருப்பவர் தன்னிடம் தவறாக நடந்துகொள்வதாக என் மாணவி ஒருத்தி சொன்னாள். ‘யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், டீச்சர்’ என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தலைமையாசிரியரிடம் மட்டும் சொன்னேன். ‘பள்ளியின் பெயர் கெட்டுவிடும், நாமே விசாரித்துக்கொள்வோம்’ என்கிறார். நான்கு நாள் ஆகிவிட்டது. அந்த ஆள் இன்றும் வேலைக்கு வந்தார். நான் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்: இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்க மனம் ஒப்பவில்லை. நீங்கள் கொடுத்திருந்த எண்ணில் அன்றே உங்களிடம் பேசிவிட்டேன். அப்போது சொன்னதை மற்ற ஆசிரியர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ அழையுங்கள், அல்லது நேரே காவல் நிலையம் செல்லுங்கள். இதற்குத் தலைமையாசிரியரின் அனுமதி தேவையில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19-ஆவது பிரிவில், விஷயம் தெரிந்த ஒவ்வொருவருக்கும் தகவல் சொல்லும் கடமையைக் கொடுத்திருக்கிறது. தெரிந்தும் வாய் மூடியிருந்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. தனக்குக் கீழே வேலை பார்ப்பவரின் குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. உங்கள் தலைமையாசிரியருக்கு இது தெரியாமல் இருக்கலாம். மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள், ஆனால் அவர் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது நடவடிக்கை எடுக்க முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது.

‘நாமே விசாரித்துக்கொள்வோம்’ என்பது எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படியொரு விசாரணையில் நானும் சுவரோரம் நின்றேன். தாளாளர், தலைமையாசிரியர், மூத்த ஆசிரியர்கள் இருவர் என்று நான்கு பேர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அந்தப் பெண் பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். நடந்ததை நான்கு முறை சொல்லவைத்தார்கள். முதல் முறை ‘மதியம்’ என்றாள், மூன்றாம் முறை ‘சாயங்காலம்’ என்றாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். மாலைக்குள் ‘மாற்றி மாற்றிப் பேசுகிறாள்’ என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. பயந்துபோன பிள்ளையை நான்கு முறை சொல்லவைத்தால் நான்கு விதமாகத்தான் வரும். அடுத்த மாதம் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனது அவள்தான். அன்று நான் பேசாமல் நின்றதற்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை.

விசாரிப்பது காவல்துறையின் வேலை. பள்ளியின் வேலை, பிள்ளை சொன்னதை நம்புவது, உரியவர்களிடம் சேர்ப்பது, அந்த ஆள் மறுபடி அவள் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வது. அவள் உங்களிடம் சொன்னதை, சொன்ன வார்த்தைகளிலேயே, தேதியும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள். உங்கள் சொல்லில் திருத்தாதீர்கள். ‘எத்தனை முறை?’, ‘ஏன் கத்தவில்லை?’ என்று கிளறவே கிளறாதீர்கள்.

அவள் கேட்ட வாக்குறுதி உங்களை உறுத்துவதாகச் சொன்னீர்கள். இன்றே அவளோடு தனியாக உட்காருங்கள். ‘நீ என்னிடம் சொன்னது நல்லது. உன் மேல் ஒரு தப்பும் இல்லை. இதை என்னால் மட்டும் நிறுத்த முடியாது. நிறுத்தக்கூடியவர்களிடம் சொல்லப்போகிறேன், யாரிடம் என்று உனக்குச் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்’ என்று சொல்லுங்கள். பெரும்பாலும் பிள்ளைகள் பயப்படுவது காவல் நிலையத்தை நினைத்துத்தான். அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோதான் வாக்குமூலம் வாங்குவார்கள், வருகிற அதிகாரி சீருடையில் இருக்கமாட்டார், அம்மா பக்கத்தில் இருக்கலாம், பெயர் பத்திரிகையில் வராது. இதெல்லாம் சட்டத்திலேயே இருக்கிறது. இதைக் கேட்டதும் அவள் முகம் கொஞ்சம் தெளியும்.

கேள்வி: என் மகள் படிக்கும் பள்ளியில் ஆண்டுக்கு ஒருமுறை ‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ வகுப்பு நடத்துகிறார்கள். அது போதாதா?
– ஒரு தாய்

பதில்: போதாது, அம்மா. அந்த வகுப்பு தேவைதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால், தன்னைக் காத்துக்கொள்ளும் பொறுப்பை ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகளின்படி, ஆசிரியர், அலுவலர், ஒப்பந்தப் பணியாளர் என எல்லோர் பின்னணியையும் காவல்துறை மூலம் அவ்வப்போது சரிபார்க்க வேண்டியது பள்ளியின் கடமை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். பஸ் ஓட்டுநருக்கும் செய்தீர்களா என்று குறிப்பாகக் கேளுங்கள். குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை எழுத்தில் இருக்கிறதா, பிள்ளைகள் எந்த ஆசிரியரிடம் போய்ச் சொல்லலாம், ஆய்வகக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் எதற்கு என்றும் கேளுங்கள்.

புகார்ப் பெட்டி எங்கே இருக்கிறது என்பதையும் போய்ப் பாருங்கள். நான் சென்ற ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் அறை வாசலில், எழுத்தரின் மேசைக்கு நேர் எதிரே மாட்டியிருந்தார்கள். திறந்து பார்த்தபோது ஒரு தாள்கூட இல்லை. அடியில் தூசிதான் படிந்திருந்தது. ‘எங்கள் பள்ளியில் புகாரே இல்லை’ என்று பெருமையாகச் சொன்னார்கள். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் மாற்றச் சொன்னேன். அங்கே எல்லாப் பிள்ளைகளும் தினமும் போவார்கள், யார் எதற்கு நின்றார்கள் என்று தெரியாது. தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417. 1098-உடன் இதையும் மகளின் நோட்டில் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: எனக்கு இரண்டு பையன்கள். பெண் பிள்ளை இல்லாததால் இந்தக் கவலை இல்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சரிதானே?
– ஒரு தந்தை

பதில்: சரியில்லை, ஐயா. மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் சிறுவர்கள். போக்சோ சட்டமும் பையன், பெண் என்று பிரிக்கவில்லை.

நான்காம் வகுப்பில் எனக்கு ஒரு மாணவன் இருந்தான். ஒரு நாள் மேசை விளிம்பின் வண்ணத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே, ‘இனி அந்தச் சார் வீட்டுக்கு டியூஷன் போகமாட்டேன், டீச்சர்’ என்றான். ‘படிக்கச் சோம்பலா?’ என்று கேட்டேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். பல ஆண்டுகள் கழித்து அவன் அம்மா சொல்லித்தான் மீதி தெரிந்தது. உங்கள் பையன்கள் ஓர் இடத்துக்குப் போகமாட்டேன் என்று சொன்னால், திட்டுவதற்கு முன் ‘அங்கே என்ன பிடிக்கவில்லை?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.