சாக்கடை கலக்குதுன்னு காட்ட 18,000 ரூபாய் பேக்கேஜ் வேணுமா?

கேள்வி: அண்ணாச்சி வணக்கம். நாங்க திருநெல்வேலி, தாமிரபரணி கரையோரம் இருக்கோம். தெருவுக்குப் பின்னாடி ஓடையில வர்ற சாக்கடை நேரா ஆத்துல போய் விழுது. மனு குடுத்து குடுத்து ஓஞ்சு போச்சு, அதனால தெருக்காரங்க காசு போட்டு தண்ணிய டெஸ்ட் பண்ணலாம்னு இருக்கோம். ஒரு ஏஜென்ட் 32 டெஸ்ட், 18,000 ரூபாய், மறுநாளே ரிப்போர்ட்னு சொல்றார். டிடிஎஸ் மீட்டரை ஆத்துல விட்டுக் காட்டினார், 280 வந்துச்சு, "தண்ணி ஒண்ணும் மோசமில்லையே"ன்னார். வெள்ளம் வந்தா முன்னாடியே தெரிய 45,000 ரூபாய்க்கு சென்சார் ஒண்ணு மாட்டித் தர்றேங்கிறார். 2023 டிசம்பர்ல பட்டது போதும்னு பாதி பேர் வாங்கிரலாம்கிறாங்க. என்ன செய்யலாம்?

பதில்:

தம்பி, மொதல்ல அட்வான்ஸ் எதுவும் குடுத்துராதீங்க. குடுத்திருந்தா இன்னைக்கே திரும்பக் கேளுங்க. அவர் சொன்ன ஒரு வார்த்தையே போதும், மறுநாளே ரிப்போர்ட்! சாக்கடைக்கு முக்கியமான டெஸ்ட் பிஓடி. தண்ணில உள்ள கழிவை கிருமி தின்னு செரிக்க எவ்வளவு ஆக்சிஜன் எடுத்துக்குதுன்னு பாக்குறது. நம்ம நாட்டு முறைப்படி அந்த பாட்டிலை 27 டிகிரி சூட்டுல மூணு நாள் வச்சிருந்துதான் ரிசல்ட் சொல்ல முடியும். மூணு நாள் வைக்க வேண்டியதை ஒரே நாள்ல தர்றேன்னு ஒருத்தர் சொன்னா, அவர் பாட்டிலைத் திறக்காமலேயே நம்பர் எழுதுற ஆளு.

அந்த டிடிஎஸ் பேனா விஷயம் எனக்கு ரத்தக்கொதிப்பையே ஏத்துது. முப்பது வருஷமா தண்ணி டெஸ்ட் பண்றேன், இந்த ஒரு பேனா நம்ம ஜனங்களை ஏமாத்துன மாதிரி வேற எதுவும் ஏமாத்தல. அது காட்டுறது தண்ணில கரைஞ்ச உப்பு எவ்வளவுங்கிறது, அவ்வளவுதான். மலம், சோறு வடிச்ச கஞ்சி, எண்ணெய்ப் பிசுக்கு, கிருமி இதெல்லாம் அந்தப் பேனா கண்ணுக்குத் தெரியாது. சாக்கடை கலந்தா உப்பு கொஞ்சம் ஏறும்தான், ஆனா 280ங்கிறதை வச்சு தண்ணி நல்லதுன்னு சொல்றது, காய்ச்சல்காரனை தராசுல நிக்க வச்சு எடை சரியா இருக்கு, நீ வீட்டுக்குப் போன்னு சொல்ற கதை. இதே ஆளுங்க வீட்டுக்கு ஆர்ஓ விக்க வரும்போது ரெண்டு கம்பி உள்ள ஒரு மிஷினை டம்ளர்ல விட்டு கரண்ட் குடுப்பாங்க, தண்ணி செம்மண் கலர்ல கலங்கும், "பாத்தீங்களா உங்க தண்ணி லட்சணத்தை"ம்பாங்க. அது தண்ணில இருந்த அழுக்கு இல்ல தம்பி, அவங்க விட்ட இரும்புக் கம்பி கரைஞ்சு வர்ற துரு. வீட்டுப் பொம்பளைங்க கிட்ட இதைச் சொல்லி வைங்க.

32 டெஸ்ட் உங்களுக்கு வேண்டாம். கடினத்தன்மை, ஃப்ளோரைடு, அது இதுன்னு பட்டியல் போடுறது பில்லை ஏத்துறதுக்குத்தான். வீட்டுச் சாக்கடைக்கு நாலு போதும்: கரைஞ்ச ஆக்சிஜன், பிஓடி, மலக் கோலிஃபார்ம் (மலத்துல இருந்து வர்ற கிருமி), அம்மோனியா. கூட பிஹெச் பாத்துக்கலாம், அது பெரிய செலவு இல்ல. குளிக்கிற தண்ணிக்கு மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தோட அளவு இருக்கு: லிட்டருக்கு ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, பிஓடி 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, மலக் கோலிஃபார்ம் 100 மில்லில 500க்குள்ள இருக்கணும், எப்படிப் போனாலும் 2,500ஐத் தாண்டக் கூடாது. இதோடதான் ஒப்பிடணும். சில லேப்ல ஆத்துத் தண்ணியைக் குடிதண்ணி அளவோட ஒப்பிட்டு எல்லா வரியிலயும் சிவப்பு மை போட்டுக் குடுப்பாங்க, பாக்க நல்லா இருக்கும், ஆபீஸ்ல நீட்டுனா "ஆத்துத் தண்ணிய யாருய்யா அப்படியே குடிக்கச் சொன்னா"ன்னு ஒரே வரில தள்ளிருவாங்க.

லேப்புக்கு நீங்களே போங்க, இடையில ஆள் வேண்டாம். என்ஏபிஎல் சான்று (லேப்புகளுக்குக் குடுக்குற தேசிய அங்கீகாரம்) இருக்கான்னு மட்டும் கேட்டா பத்தாது, அந்தச் சான்றோட பின்னிணைப்புல இந்த நாலு டெஸ்டும் இருக்கான்னு பாருங்க. சிமெண்ட் டெஸ்டுக்கு வாங்குன சான்றைக் காட்டி தண்ணிக்குப் பில் போடுறவங்களும் இருக்காங்க.

சாம்பிள் மூணு எடத்துல எடுக்கணும். ஓடை விழுறதுக்கு மேல ஒண்ணு, ஓடையிலயே ஒண்ணு, கலந்து நல்லா கீழ தள்ளிப் போய் ஒண்ணு. ஓடை வாய்லயே மொண்டு எடுத்துட்டு ஆறே இப்படித்தான்னு சொன்னா யாரும் ஒத்துக்க மாட்டாங்க, அது நியாயமும் இல்ல. காலைல ஆறரை ஏழு மணிக்குள்ள எடுங்க. வெயில் ஏறுனா பாசி ஆக்சிஜனை விடும், மத்தியானம் ரெண்டு மணிக்கு எடுத்தா சாக்கடை கலந்த தண்ணிகூட ஆக்சிஜன்ல பாஸ் ஆயிரும். ஏஜென்ட்டுங்க சாவகாசமா சாப்பிட்டுட்டு வந்து எடுக்குறதோட விளைவு இது. கோலிஃபார்முக்கு லேப்ல குடுக்குற கிருமி நீக்குன பாட்டில்தான், கழுவுன பெப்சி பாட்டில் ஆகாது. ஐஸ் பெட்டில வச்சு ஆறு மணி நேரத்துக்குள்ள சேத்துருங்க.

ஆக்சிஜன் டெஸ்டுக்கு எடுத்த பாட்டில்ல மட்டும் கரையிலயே மருந்து விட்டு, ஆக்சிஜன் அளவு மாறாம நிறுத்தணும், அதுக்கு லேப் ஆளைக் கூட்டிட்டு வாங்க, அந்த மருந்து கையில பட்டா புண்ணாயிரும். அவர் ரெண்டு மருந்தையும் விட்டு மூடி குலுக்கும்போது பக்கத்துல நின்னு பாருங்க. தண்ணில ஆக்சிஜன் இருந்தா பழுப்பு நிறத்துல பஞ்சு பஞ்சா அடியில இறங்கும். ஆக்சிஜனே இல்லன்னா வெள்ளையா இறங்கும். ஒரு தடவை ஒரு ஓடைத் தண்ணில அந்த வெள்ளையைப் பாத்துட்டு என் கூட வந்த ஸ்கூல் பையன், "பால் மாதிரி இருக்கு சார், நல்ல தண்ணியா?"ன்னு கேட்டான். அதுல ஒரு மீன் குஞ்சுகூட உயிரோட இருக்க முடியாதுப்பான்னு சொன்னேன். நம்பரைவிட அந்த வெள்ளைதான் இன்னும் என் மனசுல நிக்குது.

இப்ப முக்கியமான சங்கதிக்கு வாரேன். நீங்க சாக்கடையைத் தனியா, வெள்ளத்தைத் தனியா கேட்டிருக்கீங்க, ரெண்டும் ஒரே நோட்டுல இருக்கணும். அன்னைக்கு ஆத்துல எவ்வளவு தண்ணி போச்சுன்னு எழுதாம எடுத்த ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்தான். ஏன்னு கணக்காவே காட்டுறேன். உங்க ஓடை ஒரு மீட்டர் அகலம், 20 செ.மீ. ஆழம்னு வைங்க. தண்ணி பாட்டில்ல கால்வாசி ஊத்தி மூடி மிதக்க விடுங்க, 10 மீட்டர் போக 25 செகண்ட் ஆகுதுன்னா, மேல்மட்டம் கொஞ்சம் வேகமா ஓடும்னு கழிச்சுட்டுப் பாத்தா, சுமாரா செகண்டுக்கு 68 லிட்டர் சாக்கடை. ஒரு நாளைக்கு 58 லட்சம் லிட்டருக்கு மேல. அதுல பிஓடி 150ன்னு வைங்க. ஆத்துல 100 கனஅடி தண்ணி போற நாள்ல, அதாவது செகண்டுக்கு சுமார் 2,830 லிட்டர், இந்த ஒரு ஓடை மட்டும் ஆத்தோட பிஓடிய மூணரை ஏத்தி விட்டுரும், மேல எவ்வளவு சுத்தமா வந்தாலும் ஃபெயில். அதே ஓடை, அதே சாக்கடை, ஆத்துல 1,000 கனஅடி போற நாள்ல 0.36தான் ஏத்தும். பாஸ்!

பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணி திறந்துவிட்ட வாரத்துல சாம்பிள் எடுத்து "மாசு இல்லை"ன்னு ஃபைல் முடிக்கிறது இப்படித்தான் நடக்குது. யாரும் பொய் சொல்ல வேண்டியதே இல்ல, நாளை மட்டும் பாத்து எடுத்தா போதும். அதனால நீங்க சித்திரை வைகாசில, ஆறு ஒடுங்கிக் கிடக்கும்போது ஒரு தடவை, தண்ணி போகும்போது ஒரு தடவை எடுங்க. ரெண்டுலயும் நீர்மட்டம் எழுதியிருக்கணும்.

நீர்மட்டம் எழுத 45,000 ரூபாய் சென்சார் எதுக்கு? நம்ம ஊர்க்காரங்க ஆத்துக்குள்ளயே இருக்குற குறுக்குத்துறை முருகன் கோவிலைப் பாத்தே வெள்ளத்தைச் சொன்னவங்க, தண்ணி எது வரைக்கும் ஏறுச்சு, உற்சவரை மேலக்கோவிலுக்குக் கொண்டு போயாச்சா, தைப்பூச மண்டபம் முங்கிருச்சா, இதுதான் கணக்கு. அதையே கொஞ்சம் முறையா செய்யுங்க. உங்க படித்துறைல ஆடாத ஒரு கல்லைக் குறிச்சுக்கோங்க, அங்க இருந்து ஒவ்வொரு படியும் எத்தனை செ.மீ.ன்னு டேப் வச்சு அளந்து நோட்டுல எழுதிக்கோங்க, தினம் காலைல ஏழு மணிக்கு ஒரே எடத்துல நின்னு ஒரு போட்டோ. பழைய மண்டபத்துலயும் கோவில் கல்லுலயும் பெயிண்ட் மட்டும் அடிச்சுராதீங்க. வெள்ளத்துக்கு அப்புறம் மணல் நகர்ந்து அளவு மாறுற நுணுக்கம் எல்லாம் இருக்கு, அது இப்ப உங்களுக்குத் தேவையில்ல.

போட்டோவுக்குப் பக்கத்துலயே அன்னைக்கு அணைக் கணக்கையும் எழுதுங்க, பேப்பர்லயே வருது. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, இதுதான் முழுக் கொள்ளளவு. ஆனா மட்டத்தைவிட வெளியேத்துறது எத்தனை கனஅடிங்கிறதைப் பாருங்க, உங்க வீட்டுக்கு வர்றது அதுதான். திறந்த நேரத்தையும் உங்க படித்துறைல ஏற ஆரம்பிச்ச நேரத்தையும் நாலஞ்சு தடவை எழுதிட்டீங்கன்னா, உங்க தெருவுக்கு எத்தனை மணி நேரம் அவகாசம்னு உங்களுக்கே தெரிஞ்சுரும், எந்த சென்சாரும் அதைச் சொல்லாது, தண்ணி காலடிக்கு வந்தப்புறம்தான் அது கத்தும். ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, கடனாநதி, ராமநதி, பச்சையாறு எல்லாம் வழியில வந்து சேருது, அணைக்குக் கீழ பெய்யுற மழையும் அணைக் கணக்குல வராது. 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டுச்சே, அதெல்லாம் அணைக்குக் கீழ விழுந்த தண்ணி. குற்றாலத்துல வெள்ளம்னு வாட்ஸ்அப்ல வந்தா நீங்க பதற வேண்டாம், சிற்றாறு உங்களைத் தாண்டி சீவலப்பேரிலதான் ஆத்தோட சேருது, பதற வேண்டியது அதுக்குக் கீழ உள்ளவங்க. அணை உடைஞ்சிருச்சுன்னு வர்ற ஃபார்வர்ட் மெசேஜை யாருக்கும் அனுப்பாதீங்க, கலெக்டர் ஆபீஸ் கண்ட்ரோல் ரூம் 1077க்கு ஒரு போன் போடுங்க.

அடுத்து ஒரு விதிவிலக்கு, இதைத் தெரியாமதான் நிறைய பேர் காசைத் தொலைச்சுட்டு நிக்கிறாங்க, பொறுமையா படிங்க. உங்க லேப் ரிப்போர்ட் எவ்வளவு நல்ல லேப்ல எடுத்ததா இருந்தாலும், அதை வச்சு சாக்கடை விடுறவங்க மேல தண்ணீர்ச் சட்டத்துல வழக்குப் போட்டுத் தண்டிக்க முடியாது. 1974 தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 21வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, சாக்கடைத் தண்ணி சாம்பிளை மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் அல்லது அந்த வாரியம் அதிகாரம் குடுத்த ஆளுதான் எடுக்கணும், விடுறவங்களுக்கு அங்கேயே நோட்டீஸ் குடுக்கணும், அவங்க கேட்டா ரெண்டு பங்கா பிரிக்கணும், சீல் வச்சு ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போடணும். இப்படி எடுக்காத சாம்பிள் ரிசல்ட் கோர்ட்ல சாட்சியமா நிக்காது. "சார் இந்த ரிப்போர்ட்டை வச்சு கோர்ட்ல ஒரே அடி"ன்னு ஏஜென்ட் சொல்வார், நம்பாதீங்க. அப்ப எதுக்கு டெஸ்டுன்னு கேப்பீங்க. "எங்க கிட்ட இந்த நம்பர் இருக்கு, இந்தத் தேதி, நீர்மட்டம் இவ்வளவு, நீங்க வந்து சட்டப்படி சாம்பிள் எடுங்க"ன்னு வாரியத்தை வரவழைக்கிறதுக்குத்தான். மறுபடியும் சொல்றேன், உங்க ரிப்போர்ட் கதவைத் தட்டுறதுக்கு, வாரியத்து ரிப்போர்ட்தான் கோர்ட்டுக்கு. பொதுநல வழக்கு, பசுமைத் தீர்ப்பாயம்னு போனா அது வேற, அங்க உங்க ரிப்போர்ட்டையும் பாப்பாங்க, அதுக்கு வக்கீலைக் கேளுங்க.

கூடவே பத்து ரூபாய் செலவுல ஒரு தகவல் உரிமை மனு போடுங்க. தாமிரபரணில பாபநாசம், சேரன்மாதேவி, கொக்கிரகுளம், முறப்பநாடுன்னு பல எடத்துல வாரியமே சாம்பிள் எடுத்துட்டுத்தான் இருக்கு. கொக்கிரகுளம் கணக்கு ரெண்டு வருஷத்துக்கு மாசவாரியா வேணும்னு கேளுங்க, சாம்பிள் எடுத்த தேதியும் நேரமும் சேத்துக் கேளுங்க. மாநகராட்சில சுத்திகரிப்பு நிலையத்துக்கு தினம் எத்தனை லிட்டர் வந்து சேருதுன்னு கேளுங்க. 30 நாள்ல பதில் தரணும். நம்ம காசுல எடுத்த நம்பரை நாமளே மனு போட்டுத்தான் வாங்கணுங்கிறது எனக்கு ஆறாத கோபம். கொக்கிரகுளத்துல ஒரு போர்டு வச்சு மாசா மாசம் எழுதிப் போட்டா என்ன குறைஞ்சு போகும்? 2024 நவம்பர்ல ஹைகோர்ட் மதுரை பெஞ்ச் நீதிபதிகளே நேர்ல வந்து ஆத்தைப் பாத்துட்டுப் போனாங்க. அவங்க இறங்கி வந்து பாக்குற நிலைமை வர்ற வரைக்கும் ஒரு ஆபீஸ் இன்னொரு ஆபீஸுக்கு மனுவை ஃபார்வர்ட் பண்ணிக்கிட்டே இருந்தா எப்படி? நான் குடுத்த ஒரு மனு நாலு ஆபீஸ் சுத்தி, பதினோரு மாசம் கழிச்சு "தங்கள் பார்வைக்கு"ன்னு எனக்கே திரும்பி வந்துச்சு.

இந்த மாசம் செலவு வேண்டாம். நாளைக்கே படித்துறைக் கல்லைக் குறிச்சு போட்டோவை ஆரம்பிங்க, முப்பது நாள் எழுதிட்டு அப்புறம் லேப்புக்குப் போங்க. எடுக்கப் போறவர் கையுறை போடணும், கால்ல புண் இருந்தா ஓடை பக்கம் இறங்கவே கூடாது, எலிக்காய்ச்சல் விளையாட்டு இல்ல. பாட்டில்ல தேதி, நேரம், எடம், எந்தப் படில தண்ணி நின்னுச்சு, நாலையும் பென்சில்ல எழுதி ஒட்டுங்க, பேனா மை ஐஸ் பெட்டில நனைஞ்சு அழிஞ்சுரும்.