சின்ன ஊரில் பெரிய போட்டி: ஸ்டேடியத்துக்கு முன் படுக்கைகளை எண்ணுங்கள்

கேள்வி: டெல்டா மாவட்டம் ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் நகரத்தில் இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள். நீரஜ் சோப்ரா வெள்ளி வென்ற 2022 உலகத் தடகளப் போட்டி நடந்த யூஜின் நகரமும் ஏறக்குறைய இதே அளவுதான் என்று படித்தேன். அப்படியானால் எங்கள் ஊரிலும் ஒரு பெரிய சாம்பியன்ஷிப் நடத்தலாம்தானே? செயற்கை ஓடுதளத்தோடு ஸ்டேடியம் கேட்டு நகராட்சிக்கு மனு கொடுக்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மனுவில் என்ன எழுத வேண்டும்?

பதில்: உலக சாம்பியன்ஷிப் என்றால் முடியாது. ஆசிய சாம்பியன்ஷிப்பும் இப்போதைக்கு வேண்டாம். ஆனால் தேசிய சாம்பியன்ஷிப் ஒன்றை, அதுவும் ஸ்டேடியமே கட்டாமல், உங்கள் ஊரில் நடத்த முடியும் என்று நினைக்கிறேன். அது எது என்பதற்கு வருகிறேன். அதற்கு முன் யூஜின் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் நண்பர்கள் அதில் ஸ்டேடியத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள்.

மக்கள்தொகைக் கணக்கு சரிதான். அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் இருக்கும் யூஜினில் 2020 கணக்கெடுப்பின்படி சுமார் ஒன்றே முக்கால் லட்சம் பேர். ஆனால் அந்த ஊருக்கும் ஓட்டத்துக்கும் உள்ள உறவு நூறு வருடப் பழசு. ஹேவர்ட் ஃபீல்ட் மைதானம் 1919-ல் வந்தது. அமெரிக்க ஒலிம்பிக் அணிக்கான தடகளத் தேர்வுப் போட்டி 1972-லேயே அங்கே நடந்தது, அதன் பிறகும் பல முறை. 2014-ல் உலக ஜூனியர் தடகளப் போட்டி. அங்கே ஒரேகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளராக இருந்த பில் பவர்மேனும் அவரிடம் ஓடிய மாணவர் ஃபில் நைட்டும் சேர்ந்து தொடங்கிய காலணி வியாபாரம்தான் பின்னாளில் நைக்கி ஆனது. பழைய மைதானத்தை 2018-ல் இடித்துவிட்டு, 2020-ல் புதிதாகக் கட்டி முடித்ததில் பெரும் பங்கு அந்த ஃபில் நைட்டின் பணம்.

இத்தனை இருந்தும் யூஜினுக்கு அந்த வாய்ப்பு போட்டி போட்டுக் கிடைக்கவில்லை. 2015-ல் உலகத் தடகளச் சங்கம் வழக்கமான ஏல முறையைத் தவிர்த்துவிட்டு நேரடியாகக் கொடுத்தது. கேட்கத் தயாராக இருந்த ஸ்வீடனின் கோதன்பர்க் நகரத்தார் கடுமையாக ஆட்சேபித்தார்கள். ஆகவே, ‘சின்ன ஊர் ஜெயித்தது’ என்ற செய்தியைக் கொஞ்சம் தள்ளி வைத்தே படிக்க வேண்டும்.

இனி யாரும் பேசாத பகுதி. 1,700-க்கும் மேற்பட்ட வீரர்கள், அவர்களோடு பயிற்சியாளர்கள், மருத்துவர்கள், அதிகாரிகள், பத்திரிகையாளர்கள். இவர்கள் எல்லாம் எங்கே தூங்கினார்கள்? வீரர்களுக்கு ஒரேகன் பல்கலைக்கழக விடுதிகள். போட்டி நடந்தது ஜூலை மாதம், மாணவர்களுக்குக் கோடை விடுமுறை, அறைகள் காலி. மற்றவர்கள் பாடுதான் திண்டாட்டம். ஓட்டல் வாடகை எகிறியது. யூஜினில் விமான நிலையம் இருந்தாலும் சின்னது, அதனால் பலர் போர்ட்லாண்டில் இறங்கி இரண்டு மணி நேரம் சாலையில் வந்தார்கள். பல்கலைக்கழகமும் அதன் விடுமுறையும் இல்லாவிட்டால் எத்தனை கோடியில் மைதானம் கட்டியிருந்தாலும் அந்தப் போட்டி அங்கே நடந்திருக்காது.

சின்ன ஊர்களைப் பற்றிய என் கணிப்பு எப்போதும் இங்கிருந்துதான் தொடங்கும். மைதானத்தைக் கட்டிவிடலாம். பத்து நாளைக்காக இரண்டாயிரம் படுக்கைகளை யாரும் கட்ட மாட்டார்கள். கட்டினால் அப்புறம் அவற்றை என்ன செய்வது என்ற கேள்வி வரும். 1980 குளிர்கால ஒலிம்பிக்கை நடத்திய அமெரிக்காவின் லேக் பிளாசிட், சில ஆயிரம் பேரே வாழ்ந்த சிற்றூர். அங்கே வீரர்களுக்குக் கட்டிய குடியிருப்பு, பிறகு சிறைச்சாலையாக வேண்டும் என்ற திட்டத்தோடே கட்டப்பட்டது. இன்றும் அது மத்திய அரசின் சிறைதான். அறைகள் நெருக்கடியாக இருந்ததாக அன்றைக்கு வீரர்கள் குறைப்பட்டுக்கொண்டதில் ஆச்சரியம் என்ன!

நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் ஒடிசாவின் ரூர்கேலா. 2023 ஆடவர் ஹாக்கி உலகக் கோப்பையின் 44 ஆட்டங்களில் 20 அங்கே நடந்தன. பிர்சா முண்டா ஸ்டேடியத்தின் இருபதாயிரம் இருக்கைகளைத்தான் எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் கவனித்தது வேறு இரண்டை. ஒன்று, மைதான வளாகத்துக்குள்ளேயே அணிகளுக்காகக் கட்டிய 225 அறைகள். இன்னொன்று, போட்டி தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு ஆரம்பித்த புவனேஸ்வர்–ரூர்கேலா விமான சேவை. இரண்டுக்கும் பின்னால் இருந்தது ஒடிசா அரசு. நகராட்சி தனியாக இப்படி ஒன்றைக் கனவு காணவும் முடியாது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ரூர்கேலா இருக்கும் சுந்தர்கர் மாவட்டம் இந்திய ஹாக்கி அணியின் முன்னாள் கேப்டன் திலீப் திர்க்கி போன்றவர்களைத் தந்த ஹாக்கி மண். ஆட்டம் ஏற்கெனவே அங்கே இருந்தது, கட்டடம் பின்னால் வந்தது.

மாமல்லபுரத்தைச் சொல்லி நீங்கள் மறுக்கலாம். சுமார் பதினைந்தாயிரம் பேர் இருக்கும் சிற்றூரில் 2022 செஸ் ஒலிம்பியாட் நடந்ததே? நடந்தது, அதுவும் ரஷ்யாவிடமிருந்து போட்டி கைமாறி சுமார் நான்கரை மாதத்தில். தமிழக அரசு அதற்கு 92 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆனால் உண்மையில் அதை நடத்தியது கிழக்குக் கடற்கரைச் சாலை என்பேன். அந்தச் சாலை நெடுக இருக்கும் விடுதிகளும், பக்கத்தில் சென்னையும், அதன் விமான நிலையமும் இல்லாமல் மாமல்லபுரம் இல்லை. போதாததற்கு சதுரங்கத்துக்கு வேண்டியது கூரையும் குளிர்சாதனமும் மேசைகளும்தான். ஓடுதளமும் வேண்டாம், சம்மட்டி எறிய வலைக்கூண்டும் வேண்டாம்.

தடகளம் அப்படி இல்லை. உங்கள் நண்பர்கள் கேட்கச் சொல்லும் 400 மீட்டர் செயற்கை ஓடுதளம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பெரிய சர்வதேசப் போட்டிக்கு அதுவே போதாது. பக்கத்திலேயே வார்ம்-அப் செய்ய இன்னொரு ஓடுதளம் வேண்டும். எறிதல் பயிற்சிக்குத் தனித் திடல், வீரர்களைச் சரிபார்த்து அனுப்பும் அழைப்பு அறை, போட்டோ ஃபினிஷ் கருவி, ஊக்கமருந்துச் சோதனைக்குத் தனி அறைகள், மாலை நேரப் போட்டி என்றால் ஒளிவிளக்குகள், எல்லாவற்றுக்கும் மேலாக ஓடுதளத்துக்கே உலகத் தடகளச் சங்கத்தின் சான்றிதழ். இந்தப் பட்டியலில் பல ஊர்கள் சறுக்குவது வார்ம்-அப் ஓடுதளத்தில்தான். முதல் மைதானத்துக்கு நிலம் தேடும்போது இரண்டாவதை யாரும் நினைப்பதில்லை, பிறகு நினைத்தால் பக்கத்தில் இடம் இருக்காது. செயற்கைத் தளம் சாகாவரம் பெற்றதும் இல்லை. பத்து ஆண்டு வாக்கில் மேற்பரப்பை மாற்ற வேண்டி வரும், அந்தச் செலவை எந்த மனுவிலும் நான் பார்த்ததில்லை.

இன்னொரு சிக்கல், யார் கையெழுத்துப் போடுவது என்பது. எந்த ஊரும் நேராக ஆசியத் தடகளச் சங்கத்திடம் போய்க் கேட்க முடியாது. இந்தியத் தடகளச் சம்மேளனம் கேட்க வேண்டும், மாநில அரசு பின்னால் நிற்க வேண்டும். அரசு விலகினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலமே சாட்சி. 2013 ஆசியத் தடகளப் போட்டி முதலில் சென்னைக்குத்தான் கிடைத்திருந்தது. இலங்கை வீரர்கள் பங்கேற்பார்கள் என்பதால் அதை நடத்த முடியாது என்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா அறிவித்தார், போட்டி புனேவுக்குப் போனது. அந்த முடிவு சரியா தவறா என்பது வேறு விவாதம். 2017-ல் ராஞ்சி பின்வாங்கியபோது புவனேஸ்வர் ஏற்று, சுமார் மூன்று மாதத்தில் கலிங்கா ஸ்டேடியத்தைத் தயார் செய்தது. புதுக்கோட்டைக்காரர் லட்சுமணன் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றது அந்தப் போட்டியில்தான்.

சரி, உங்கள் ஊருக்கு வருவோம். நான் சொல்லும் போட்டி கிராஸ் கன்ட்ரி.

புல், மண், மேடு, பள்ளம், இவைதான் மைதானம். ஒன்றரை முதல் இரண்டு கிலோமீட்டர் நீளத்தில் ஒரு சுற்றுப்பாதை அமைத்து, அதில் திரும்பத் திரும்ப ஓட விடுவார்கள். பெரியவர்களுக்கு ஆண், பெண் இருபாலருக்குமே 10 கிலோமீட்டர். எல்லாப் பிரிவுகளும் ஒரே நாளில் முடிந்துவிடும் என்பதால் அணிகளுக்கு மூன்று இரவு தங்க இடம் கொடுத்தால் போதும். 2022 மார்ச்சில் தேசிய கிராஸ் கன்ட்ரி போட்டியையும் தெற்காசியப் போட்டியையும் சேர்த்து நடத்தியது நாகாலாந்தின் கோஹிமா. 2011 கணக்குப்படி அங்கே ஒரு லட்சம் பேர்கூட இல்லை. உலகப் போட்டியே 2023-ல் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் என்ற, சில பத்தாயிரம் பேர் மட்டும் வாழும் ஊரில் நடந்தது. கார் பந்தயத்துக்குப் பேர்போன ஒரு மலைச்சரிவில் பாதை போட்டு, திராட்சைத் தோட்டம், சேறு, மணல் என்று தடைகளும் வைத்து ஓட விட்டார்கள். கடைசியில் இடி மின்னலோடு மழையும் வந்து சேர்ந்தது. யூஜினை விட உங்களுக்குப் பாடம் இந்த இரண்டு ஊர்களில்தான் இருக்கிறது.

டெல்டாவில் மேடு எங்கே என்று கேட்பீர்கள். உண்மைதான், உங்கள் மண் தட்டை. ஆற்றங்கரை, பெரிய தென்னந்தோப்பு, பரந்த கல்லூரி வளாகம் இவற்றில் ஒன்றைப் பாருங்கள். மண்ணைக் கொட்டிச் சின்னச் சின்ன மேடுகள் போடலாம், வைக்கோல் கட்டுகளை அடுக்கித் தாண்ட வைக்கலாம். வயலை மட்டும் நம்ப வேண்டாம், நாம் போட்டி வைக்கும் நாளில் சம்பா அறுவடைக்கு நிற்கும்.

எந்த நாள்? இதில்தான் உங்கள் ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது. மார்கழிக் கடைசியில் வையுங்கள், அதாவது ஜனவரி முதல் பத்து, பன்னிரண்டு நாட்களுக்குள். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். ஒவ்வொரு மண்டபத்திலும் அறைகள், குளியலறைகள், பெரிய சமையற்கட்டு, சாப்பாட்டுக் கூடம், ஜெனரேட்டர் எல்லாம் உண்டு. ஊரிலேயே சமையல் கான்ட்ராக்டர்கள் அந்த மாதம் வேலை இல்லாமல் இருப்பார்கள். யூஜினுக்குப் பல்கலைக்கழக விடுமுறை செய்ததை உங்களுக்கு மார்கழி செய்யும். காலை ஏழு மணிக்கு ஓட்டம் தொடங்கினால் வெயிலும் பிரச்சினை இல்லை. வடகிழக்குப் பருவமழை அநேகமாக ஓய்ந்திருக்கும், ஆனாலும் தரை ஈரம் காயாத இடத்துக்கு மாற்றுப்பாதை ஒன்றைக் கையில் வைத்திருங்கள். தை பிறந்த பிறகு நாள் குறித்தால் ஒரு மண்டபம்கூடக் கிடைக்காது.

ஆனால் முதல் வருடமே தேசியப் போட்டி கேட்காதீர்கள். கோவில்பட்டியில் 2022-ல் தேசிய ஜூனியர் ஆடவர் ஹாக்கி நடந்தது என்றால், அதற்கு முன் பல வருடங்களாக அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடத்திப் பழகிய ஊர் அது. யாருக்கு எந்த அறை, எத்தனை மணிக்குப் பால், ஆம்புலன்ஸ் எந்த வாசலில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே சிலருக்குத் தலைகீழ்ப் பாடம். உங்கள் ஊரில் முதலில் மாவட்டப் போட்டி, அடுத்த மார்கழியில் மாநிலப் போட்டி, இரண்டும் குழப்பமில்லாமல் நடந்தால் அப்புறம் தேசியம்.

மனு விஷயம். ஸ்டேடியம் என்ற சொல்லே அதில் வர வேண்டாம். நகராட்சிக்குப் போகும் முன் மாவட்டத் தடகளச் சங்கத்திடம் போங்கள், அவர்கள் வழியாக மாநிலச் சங்கம், பிறகு சம்மேளனம் என்பதுதான் வரிசை. போட்டி அட்டவணை முன்கூட்டியே முடிவாகிவிடும், எனவே கடைசி நேரத்தில் ஓடிப் பலன் இல்லை. மனுவோடு மூன்று தாள்களை இணையுங்கள். முதல் தாளில் சுற்றுப்பாதையின் வரைபடமும் நில உரிமையாளரின் சம்மதக் கடிதமும். இரண்டாவதில் மண்டபம் வாரியாகப் படுக்கை, கழிப்பறை, குளியலறை எண்ணிக்கை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக. கழிப்பறையை நீங்களே போய்ப் பார்த்து எண்ணுங்கள், மேலாளர் சொல்வதை எழுதாதீர்கள். மூன்றாவதில் வரவு செலவு, அதில் துண்டு விழுந்தால் யார் கட்டுவார் என்று பெயரோடு ஒரு வரி. நகராட்சியிடம் பணம் கேட்காமல் குடிநீர் லாரி, நடமாடும் கழிப்பறை, துப்புரவுப் பணியாளர்கள் கேளுங்கள். அது அவர்கள் கையில் இருப்பது, மறுக்க மாட்டார்கள். போக்குவரத்துக் காவல்துறைக்கும் அரசுத் தலைமை மருத்துவமனைக்கும் தனித்தனிக் கடிதம் கொடுத்து, ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.